சேமிப்புச் சதுரம்: தகடூர் நாட்டு நடுகல் மரபில் ஒரு புதிய சேர்க்கை

இந்த ஆய்வுக்குக் காரணம் என் அத்தை. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் பல வருடமாக இருக்கிறார். மாதச் சேமிப்புப் பணத்தைக் கட்டியதும் குழுவின் வாட்ஸ்அப்பில் "கட்டியாச்சு" என்று போட்டு, பக்கத்தில் ஒரு குட்டிப் படத்தை ஒட்டுவார். மூலை வெட்டிய சதுரம். ஒரு பக்கம் தகடு, மறுபக்கம் வெள்ளைச் சீட்டு. நாளடைவில் குழுவில் எல்லோரும் அதையே ஒட்ட ஆரம்பித்து, இப்போது அந்தப் படம் வராவிட்டால் பணம் வரவில்லை என்றே கணக்கு.

"அத்தை, இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"இரும்புப் பெட்டிடா. போன்ல சேமின்னு எழுதி இந்தப் படத்தத்தானே போட்டிருக்கான்? சேமிக்கிற எடத்துல இரும்புப் பெட்டி போடாம எருமை மாட்டையா போடுவான்?"

இந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. சேமிப்பைப் பற்றி இந்த மாவட்டத்துப் பெண் ஒருவர் கருத்துச் சொன்னால் அது மூலச் சான்று. எனினும் ஆய்வுநெறி என்று ஒன்று இருப்பதால் மேலும் சிலரை விசாரித்தேன். என் தந்தையார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "பழைய ரேஷன் கார்டு" என்றார். தங்கை மகன், ஒன்பதாம் வகுப்பு, கேள்வியே புரியாதவனாய், "சேவ் மாமா. சேவ்னா சேவ்தான்" என்றான். டீடிபி கடை வைத்திருந்த நண்பர் மட்டும் பெருமூச்சு விட்டு, "பிளாப்பிடா" என்றார். மொத்தம் நான்கு தகவலாளிகள், நான்கு விளக்கங்கள். ஆய்வு என்று ஒன்று தொடங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் சிரமம் வேண்டாம். மேற்படி சதுரம் ஒரு நடுகல்.

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரியில் யாருக்கும் நடுகல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏரிக்கரை, புளியந்தோப்பு, கேழ்வரகுக் காடு என்று எங்கே திரும்பினாலும் ஒரு கல் நிற்கும். வில்லோ வாளோ ஏந்திய ஒருவன், உடம்பில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்தில் சில வரிகள். எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், யார் கவர்ந்த மாட்டை மீட்கப் போய் விழுந்தான் என்று அதில் இருக்கும். எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் போய்ப் பல நூறு ஆண்டு ஆகிறது. அதனால் வழிபாடு நின்றுவிட்டதா? இல்லை. அவனுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஓலைக் கொட்டகையோ சிமெண்டுக் கூரையோ போட்டு, "வேடியப்பன்" என்று பொதுப்பெயர் ஒன்றைச் சூட்டி, கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். அவன் பெயர் மறந்தது, ஊர் மறந்தது, மீட்ட மாட்டின் வம்சமும் அழிந்தது. கும்பிடு மட்டும் நிற்கவில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இந்த வீரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்கள், கணினித் திரையின் மேல்வரிசையில் சின்னங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் திடுக்கிடுவார்கள். நான் திடுக்கிட்டேன்.

இனி வீரனின் வரலாறு. 1971இல் ஐபிஎம் நிறுவனம் எட்டு அங்குல அகலத்தில் ஒரு காந்தத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிஜமாகவே தொளதொளவென்று இருந்ததால் பிளாப்பி என்று பெயர். 1976இல் அது ஐந்தேகால் அங்குலமாக இளைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சோனி நிறுவனம் அதை மூன்றரை அங்குலமாக்கி, கெட்டியான பிளாஸ்டிக் கவசமும், வழுக்கித் திறக்கும் உலோகக் கதவும் மாட்டியது. நம் சதுரத்தில் இருப்பவன் இந்தக் கவச வீரன்தான். கல் போல இருக்கும் ஒருவனைத் தொளதொளப்பன் என்று எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்கலாம். கவசத்துக்குள் இருக்கும் வட்டம் இன்னும் மெலிசுதான். தமிழில் நெகிழ்வட்டு என்று பெயர் வைத்தவர்கள் இந்தச் சூட்சுமம் அறிந்தவர்கள். வெளியே சதுரம், உள்ளே வட்டம், வெளியே முரடு, உள்ளே நெகிழ்வு. எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் சிலரைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள்.

கொள்ளளவு 1.44 எம்பி என்று மேலே அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்ணைப் பற்றி ஒரு சிறு ஆத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளே கொள்வது 14,74,560 பைட்டு. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கும் எம்பியில் பார்த்தால் இது 1.47. ஆயிரத்து இருபத்துநான்கை அதனாலேயே பெருக்கும் எம்பியில் பார்த்தால் 1.41. 1.44 எங்கிருந்து வந்தது? ஆயிரத்தை ஆயிரத்து இருபத்துநான்கால் பெருக்கியிருக்கிறார்கள். அதாவது ஒரு கையில் பட்டணம்படி, மறுகையில் உள்ளூர்ப்படி. சந்தையில் புளி அளக்கும்போது யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்று பஞ்சாயத்து கூடியிருக்கும். உலகமே இதை இருபது வருடம் வாங்கிக்கொண்டு போனது.

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்கு ஆறு படிநிலை சொல்கிறது. நம் சதுரத்துக்கு ஆறும் பொருந்தாவிட்டால் என் கொள்கை விழுந்துவிடும். எனவே பொருத்திக் காட்டுகிறேன்.

முதலாவது காட்சி. கல்லைத் தேடிக் காண்பது. 1984இல் ஆப்பிள் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினியை வெளியிட்டபோது அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில், 32க்கு 32 கட்டங்களுக்குள், கறுப்பு வெள்ளையில் வரைந்தார். அந்தக் கணினியில் இருந்ததும் சோனியின் மூன்றரை அங்குல டிரைவ்தான். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் எந்தப் பெண்ணும் அவருடைய வேலையின் அருமையைச் சட்டென்று புரிந்துகொள்வாள். நடுகல் சிற்பியும் அப்படித்தான், இத்தனை சிறிய கல்லில் ஒரு ஆளையும் அவன் சாவையும் அடக்க வேண்டும். நம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் காலடியில் ஒரு சிமிழும் ஒரு கெண்டியும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மூன்றரை அங்குல பிளாப்பியின் இரு மூலைகளிலும் இரண்டு சிறு சதுர ஓட்டைகள். ஒன்று எழுதவிடாமல் தடுக்கும் பூட்டு, மற்றொன்று கொள்ளளவு இரட்டிப்பானது என்பதற்கு அடையாளம். ஒரு சிமிழ், ஒரு கெண்டி. இது தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கால்கோள் என்பது கல்லை எடுத்துவர நாள் பார்ப்பது. அமெரிக்காவில் யார் நாள் பார்த்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பது வீண்வேலை. கடந்து செல்வோம்.

நீர்ப்படை, அதாவது கல்லை நீராட்டுவது, எனக்கு நேர்ந்த அனுபவம். தொண்ணூறுகளின் கடைசி. பென்னாகரத்தில் உறவினர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகையை உள்ளூரில் டைப் செய்து, பிளாப்பியில் ஏற்றி, தருமபுரி அச்சகத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. ஐப்பசி மழை. பேருந்தின் ஜன்னல் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. சட்டைப் பையில் இருந்த பிளாப்பி நன்றாகவே நீராடியது. அச்சகத்தில் துடைத்து உள்ளே தள்ளினார்கள். கர்ர், கர்ர், டொக் என்று ஒரு சத்தம். பிறகு திரை கேட்டது: ஏ டிரைவில் உள்ள தட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா? சாகக் கிடப்பவனைக் காட்டி, "குழி வெட்டிடலாங்களா?" என்று மரியாதையாகக் கேட்பது போல. மறுநாள் வேறு பிளாப்பி, வேறு பேருந்து, நல்ல வெயில். இம்முறை கோப்பு திறந்தது. மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டு குறியும் தலையில் கொம்பு முளைத்த பிரெஞ்சு எழுத்துகளும் நின்றன. பென்னாகரத்துக் கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு தருமபுரிக் கணினியில் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. எழுதியதை மட்டும் கொண்டுபோனால் போதாது, எழுத்தையும் கூடவே கொண்டுபோக வேண்டும். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது 2010இல்தான். கல்யாணம் அதுவரை காத்திருக்கவில்லை. மூன்றாவது பயணத்தில் எழுத்துருவும் பிளாப்பியில் ஏறி வந்தது.

நடுதல் எளிது. சேமி என்ற கட்டளைக்கு அடையாளமாக, அச்சுப்பொறிப் படத்துக்குப் பக்கத்தில், திரையின் இடது மேல்மூலையில் நட்டார்கள். சிலர் தகடு கீழே வருமாறு நட்டார்கள், சிலர் தகடு மேலே வருமாறு. தலைகீழாக நடப்பட்ட நடுகல் என்றால் ஊரில் பரிகாரம் செய்வார்கள். மென்பொருள் நிறுவனங்களில் அந்த வழக்கம் இல்லை போலும்.

பெரும்படை என்பது படையல். இதில் தருமபுரியை மிஞ்ச ஆளில்லை. கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்ற விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊரில் வேறு எங்கும் இல்லாத ஏசி அங்கே உண்டு, திரைக்கு மேல் துணி போர்த்தியிருக்கும், ஆயுத பூஜைக்குப் பொரியும் பொட்டும் உண்டு. கருவறைக்கு இதைவிட என்ன இலக்கணம்? 2012 மின்வெட்டுக் காலத்தில் பக்தி உச்சத்தைத் தொட்டது. மின்சாரம் எப்போது போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாத நாள்கள் அவை. யூபிஎஸ் கீச் கீச்சென்று ஆயுள் குறைவதை அறிவிக்கும். டீடிபி நண்பர் ஒரு வரி அடிப்பார், சதுரத்தை ஒரு அழுத்து. மறுவரி, மறு அழுத்து. அவசரத்தில் இரண்டு முறை. கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கணினியில் அப்போது பிளாப்பி டிரைவே கிடையாது. வீரன் இறந்துவிட்டான், கும்பிடு நடக்கிறது. நடுகல் என்பதற்கு வேறு என்ன நிரூபணம் வேண்டும்?

ஆறாவதான வாழ்த்தைப் பின்னால் பார்ப்போம். அதற்குக் களப்பணி தேவைப்பட்டது.

வீரன் இறந்த தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1998இல் ஆப்பிள் தன் ஐமேக்கை பிளாப்பி டிரைவ் இல்லாமலே வெளியிட்டது, அன்றே இழவு சொல்லிவிட்டார்கள். ஆனால் சோனி விற்பனையை நிறுத்தியது 2011 மார்ச்சில். அமெரிக்காவின் அணு ஆயுதப் படை எட்டு அங்குலத் தட்டுகளை 2019இல்தான் கைவிட்டது. ஜப்பான் அரசு, விண்ணப்பங்களை பிளாப்பியில் தர வேண்டும் என்று இருந்த தன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை நீக்கி முடித்தது 2024இல். இதற்கிடையில், 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு ஆறாம் பதிப்பு, ஜப்பானியக் கைப்பேசிகளில் புழங்கிய படக்குறிகளை உலகப் பொதுவாக்கியபோது பிளாப்பிக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டது. உயிர் போவதற்கு முன்பே கல் நட்டாயிற்று. நம் மரபில் இது அமங்கலம். சென்னையில் வாழும் தலைவர்களுக்கே சிலை வைத்த வரலாறு இருப்பதால் இதை அதிகம் கிளற வேண்டாம்.

யூனிகோடு என்பது எழுத்துகளின் பட்டா அலுவலகம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சர்வே எண். பிளாப்பியின் எண் 1எஃப்4பிஇ. அத்தையின் போனிலிருந்து என் போனுக்கு வருவது படம் அல்ல, இந்த எண்தான். படத்தை வரைவது பெற்றுக்கொள்ளும் போன். பட்டா ஒன்று, வீடு அவரவர் வசதிப்படி. அதனால்தான் ஒரே சதுரம் ஒரு கம்பெனி போனில் கறுப்பாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரிகிறது. ஒரே வேடியப்பனுக்கு ஒரு ஊரில் மீசை, இன்னொரு ஊரில் மீசையோடு குதிரை. பக்தர்கள் இதற்காகச் சண்டை போட்டதில்லை.

2014இல் ஏழாம் பதிப்பு, பிளாப்பியின் பங்காளிகள் மூவருக்குக் கூடுதலாகப் பட்டா வழங்கியது: கறுப்புக் கெட்டி உறை, வெள்ளைக் கெட்டி உறை, மென்னுறை. பட்டாதான் கிடைத்தது, பெரும்பாலான போன்களில் வீடு கட்டவில்லை. யாராவது அந்த எண்ணை அனுப்பினால் பல போன்களில் தெரிவது வெறும் கட்டம். உலகெங்கும் இந்த வெற்றுக் கட்டத்துக்கு "டோஃபு" என்று பெயர், சோயாபாலில் செய்யும் பன்னீர்த் துண்டு போல இருப்பதால். இந்தத் துண்டே கண்ணில் படக் கூடாது என்று கூகுள் உருவாக்கிய எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ, அதாவது நோ டோஃபு, என்று பெயர். தமிழரின் மேற்படிக் குறியான ௸ 2003இலேயே பட்டா வாங்கிவிட்டது, வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ எல்லாமும்தான். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்களில் ஊஞ்சலாடிய இந்தக் குறிகள் இன்று அரைகுறைப் போன்களில் கட்டமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, ஜப்பான் பிளாப்பிக்குக் கிடைத்த வீடு நம் மேற்படிக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிகிறது. ஆய்வாளனுக்கும் வயிறு உண்டு.

நுட்பமான வாசகர் இங்கே மடக்கலாம். பிளாப்பிக் குறியும் சதுரம், பிளாப்பி தெரியாதபோது வரும் கட்டமும் சதுரம். வீடு இல்லாத சதுரத்தையும் வீடு கட்டிய சதுரத்தையும் எப்படிப் பிரிப்பது? இது என் கொள்கைக்கு எதிரான சான்று இல்லை, அதற்கு மகுடம். காற்றிலும் மழையிலும் தேய்ந்து, உருவமும் எழுத்தும் அழிந்து, வெறும் பலகையாய் நிற்கும் நடுகற்கள் நம் காடுகளில் எத்தனை! அவற்றுக்கும் மஞ்சள் பூசத்தானே செய்கிறோம்.

போகிற போக்கில் இன்னொரு எச்சத்தையும் காட்டிவிடுகிறேன். விண்டோஸ் கணினியில் முதன்மை வட்டுக்கு ஏன் சி என்று பெயர்? ஏ, பி இரண்டும் எங்கே? அவை பிளாப்பிகளுக்கு ஒதுக்கிய வீடுகள். குடியிருந்தவர்கள் போய்ப் பல வருடம் ஆகிறது, வாடகைக்கும் யாரும் வரவில்லை. தெருவில் மூன்றாம் நம்பர் வீட்டிலிருந்துதான் இன்னும் கதவு எண் தொடங்குகிறது.

தங்கை மகனிடம் நிஜ பிளாப்பி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். பென்னாகரத்துக் கல்யாணப் பத்திரிகை இருந்த அதே பிளாப்பி, பீரோவில் இருபத்தைந்து வருடம் கிடந்தது. வாங்கியவன் நடுவில் விரலை வைத்து அழுத்தினான். எதுவும் நடக்கவில்லை. திருப்பி அழுத்தினான். "ஒர்க் ஆகல மாமா" என்று தந்துவிட்டான். அவனுடைய கோப்புகள் இப்போது தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. பல செயலிகளில் அழுத்துவதற்குச் சதுரமே இல்லை. சாலை அகலப்படுத்தும்போது கல்லைத் தூக்கி ஓரமாகப் போடுவார்களே, அப்படி.

இனி எஞ்சியிருப்பது வாழ்த்து. கல்வெட்டு ஒன்று வேண்டுமே என்று, பல்லவர் காலத்து நடுகல் நடையில் நானே வரைந்தேன்: "கோவிசைய விண்டோசு பருமற்கு யாண்டு தொண்ணூற்றெட்டாவது பெண்ணாகரத்துக் கோப்பு மீட்டுப் பட்டான் பிளாப்பி கல்." ஆட்சியாண்டில் பிழை இல்லை என்பதை விண்டோஸ் 98 பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். இதை ஒரு சீட்டில் எழுதி, பிளாப்பியின் மேல் ஒட்டி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து வேடியப்பன் கோயிலுக்குப் போனேன். அத்தையும் வந்தார், குழுவுக்குக் கடன் பாஸாக வேண்டும் என்று ஒரு வேண்டுதல்.

பூசாரி கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கல்லில் இருப்பவன் வலக்கையில் வாள், இடக்கையில் என்னவோ, தேய்ந்துவிட்டது. நான் பிளாப்பியை எடுத்துக் கல்லின் காலடியில் வைத்தேன். சிமிழுக்கும் கெண்டிக்கும் பக்கத்தில் சரியாகப் பொருந்தியது.

பூசாரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகட்டை விரலால் தள்ளினார், அது திறந்து டப்பென்று மூடிக்கொண்டது. அவருக்கு அது பிடித்திருந்தது, இன்னொரு முறை தள்ளினார்.

"இது என்னாங்க சார்?"

அத்தை முந்திக்கொண்டார். "இரும்புப் பெட்டிங்க. சின்னது."

நான், "பிளாப்பிங்க" என்றேன்.

"பிளாப்பியப்பனா?" பூசாரி மூலை வெட்டிய இடத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்தார், சீட்டின் மேல் ஒரு குங்குமப் பொட்டு, ஓட்டை ஒன்றில் ஒரு அரளிப்பூவைச் செருகினார். "கேட்ட பேரா தெரியலியே. எந்தூரு சாமிங்க?"

"ஜப்பான்."

"தூரந்தான்" என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். காணிக்கைக்குச் சில்லறை தேடினேன். அவர் கொட்டகைத் தூணைக் காட்டினார். அங்கே ஒரு சதுரம் ஒட்டியிருந்தது, கறுப்பும் வெள்ளையுமாய், உள்ளே குட்டிக் குட்டிக் கட்டங்களோடு. போனை நீட்டிப் பதினொரு ரூபாய் அனுப்பினேன். அத்தையும் தன் போனை எடுத்துக் குழுவுக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார்.